புது அப்ஸ்ட்ரீம் பதிப்பு வந்ததும் பாதி பேட்ச் ஏறவில்லை: டெபியன் பேக்கேஜை எப்படிக் கையாள்வது?

தாமிரபரணி_டெவ்

வணக்கம். அலுவலகத்தில் நெட்வொர்க் கண்காணிப்புக்காக சி-யில் எழுதிய ஒரு டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) டெபியன் லினக்ஸின் பேக்கேஜாக நாங்களே பில்ட் செய்து சர்வர்களில் ஓட்டுகிறோம். டெபியனில் ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜ்தான், அதன்மேல் எங்கள் மாற்றங்களைச் சேர்த்து உள் ரெப்போவில் வைத்திருக்கிறோம். பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது.

சோர்ஸ் ஃபார்மட் 3.0 குவில்ட், அதாவது மூலநிரலின்மேல் மாற்றங்கள் தனித்தனி பேட்ச் கோப்புகளாக வரிசையாக ஏறும் முறை. டெபியன்/பேட்ச்சஸ் கோப்புறைக்குள் இருபதுக்கும் மேல் கோப்புகள். ஃபிக்ஸ்.பேட்ச், ஃபிக்ஸ்2.பேட்ச், சர்வர்-இஷ்யூ.பேட்ச் என்று பெயர்கள். எதற்காகப் போட்டது, எங்கிருந்து எடுத்தது என்று எதிலும் ஒரு வரி கிடையாது. டெபியன் பராமரிப்பாளர் போட்டது எது, நாங்கள் போட்டது எது என்றுகூடப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கிட் ரெப்போவும் இல்லை, பழைய .டிஎஸ்சி (பேக்கேஜ் விவரக் கோப்பு), ஆரிஜ் டார்பால் (மாற்றம் செய்யாத மூலநிரல் தொகுப்பு) மட்டும் ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கின்றன.

இப்போது அப்ஸ்ட்ரீமில் (மென்பொருளை எழுதி வெளியிடுபவர்கள் தரப்பில்) பாதுகாப்புத் திருத்தத்தோடு புதுப் பதிப்பு வந்துவிட்டது, தள்ளிப்போட முடியாது. புது டார்பாலை விரித்து, பழைய டெபியன் கோப்புறையை உள்ளே போட்டு, குவில்ட் புஷ் -ஏ கொடுத்தால் நாலாவது பேட்ச்சிலேயே ஹங்க் ஃபெயில்ட், அதாவது பேட்ச்சின் ஒரு பகுதி பொருந்தவில்லை. -எஃப் போட்டுத் தள்ளினால் ஏறாத பகுதிகள் .ரெஜ் கோப்புகளாகக் குவிகின்றன. சில பேட்ச்கள் ஃபஸ்ஸோடு (சுற்றியுள்ள வரிகள் முழுதாகப் பொருந்தாமலே) ஏறுகின்றன, ஆனால் பில்ட் செய்யும்போது டிபிகேஜி-சோர்ஸ் அவற்றை ஏற்க மறுக்கிறது.

ஒவ்வொன்றையும் கையால் திருத்துவதுதான் வழியா? அப்ஸ்ட்ரீம் ஏற்கெனவே சேர்த்துக்கொண்ட பேட்ச்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று, டீமில் ஒருவர் குவில்ட்டே வேண்டாம், அப்ஸ்ட்ரீமை கிட்டில் ஃபோர்க் செய்து நம் மாற்றங்களை நேரடியாக கமிட் செய்துவிட்டு ஒவ்வொரு பதிப்புக்கும் மெர்ஜ் செய்யலாம் என்கிறார். அது சரிவருமா?

பொதிகட்டி

புது டார்பாலின்மேல் பழைய பேட்ச்களை ஏற்ற முயல்வதை முதலில் நிறுத்துங்கள். பேட்ச் கோப்புக்குத் தெரிந்ததெல்லாம் மாற்றத்துக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி, அவ்வளவுதான். எந்தப் பதிப்பின்மேல் அது எழுதப்பட்டது என்ற தகவல் அதில் இல்லை. அப்ஸ்ட்ரீமில் யாரோ ஒருவர் பக்கத்து வரியில் ஒரு மாறியின் பெயரை மாற்றியிருந்தால் போதும், ஹங்க் ஃபெயில் ஆகிவிடும். கிட்டின் ரீபேஸ் (கமிட்டுகளை வேறு பதிப்பின்மேல் நகர்த்துவது) அப்படி இல்லை. அதற்குப் பழைய கோப்பு, உங்கள் மாற்றம், புதுக் கோப்பு மூன்றும் தெரியும், மூன்றையும் வைத்து முடிவெடுக்கும். அதனால் பேட்ச்கள் ஒழுங்காக ஏறுகிற பழைய பதிப்பில் தொடங்கி, அங்கே அவற்றை கமிட்டுகளாக மாற்றிவிட்டு, பிறகு புதுப் பதிப்புக்கு நகர்த்த வேண்டும். பழைய .டிஎஸ்சி கையில் இருப்பது பெரிய உதவி.

கிட்-பில்ட்பேக்கேஜ் நிறுவிக்கொள்ளுங்கள், அதன் கட்டளைதான் ஜிபிபி. ஜிபிபி இம்போர்ட்-டிஎஸ்சி கட்டளைக்குப் பழைய .டிஎஸ்சி கோப்பைக் கொடுத்து -‍-பிரிஸ்டைன்-டார் சேர்த்தால் ரெப்போ உருவாகிவிடும். அப்ஸ்ட்ரீம் கோடு அப்படியே ஒரு பிராஞ்ச்சில், பேக்கேஜிங்கோடு சேர்ந்தது இன்னொரு பிராஞ்ச்சில். பிராஞ்ச் பெயர்களுக்கு டெப்-14 என்ற டெபியன் பரிந்துரை சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள், அதாவது டெபியன்/லேட்டஸ்ட், அப்ஸ்ட்ரீம்/லேட்டஸ்ட். ஜிபிபி.கான்ஃப் கோப்பில் எழுதிவைத்தால் அடுத்து வருபவர் குழம்ப மாட்டார்.

அப்புறம் ஜிபிபி பிக்யூ இம்போர்ட். சீரீஸ் கோப்பில் இருக்கும் வரிசையில் ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு கமிட்டாகி, பேட்ச்-க்யூ/டெபியன்/லேட்டஸ்ட் என்ற தனி பிராஞ்ச்சில் உட்காரும். இதை முடித்துவிட்டு டெபியன் பிராஞ்ச்சுக்குத் திரும்பி ஜிபிபி இம்போர்ட்-ஆரிஜ் மூலம் புது டார்பாலைக் கொண்டுவாருங்கள். வாட்ச் கோப்பு (புதுப் பதிப்பை எங்கே தேடுவது என்று சொல்வது) சரியாக இருந்தால் -‍-யூஸ்கேன் கொடுத்தாலே அதுவாகத் தேடி இறக்கிக்கொள்ளும். அதன் பிறகு ஜிபிபி பிக்யூ ரீபேஸ். உங்கள் நாலாவது பேட்ச் உட்படப் பலதும் சத்தமில்லாமல் ஏறிவிடும், மோதல் வரும் இடங்களில் மட்டும் கிட் நிற்கும், வழக்கம்போல் திருத்தி ரீபேஸ் -‍-கன்டின்யூ. எல்லாம் முடிந்ததும் ஜிபிபி பிக்யூ எக்ஸ்போர்ட், டெபியன்/பேட்ச்சஸ் புதிதாக எழுதப்பட்டுவிடும், அதை கமிட் செய்துவிடுங்கள்.

அப்ஸ்ட்ரீம் அப்படியே சேர்த்துக்கொண்ட பேட்ச்கள் ரீபேஸில் வெற்று கமிட்டாகித் தாமாகவே உதிர்ந்துவிடும். ஆனால் அப்ஸ்ட்ரீம் அதே பிரச்சினையை வேறுவிதமாகச் சரிசெய்திருந்தால் கிட்டுக்குத் தெரியாது, மோதலாகத்தான் காட்டும். சில நேரம் மோதல்கூட வராது, ஒரே திருத்தம் இரண்டு முறை உள்ளே போய்விடும். இதற்கு அப்ஸ்ட்ரீமின் கிட் ரெப்போவைத் தனியாக க்ளோன் செய்து, பேட்ச்சில் வரும் ஒரு செயற்கூற்றின் பெயரையோ நிலையான ஒரு வரியையோ கொடுத்து கிட் லாக் -எஸ் ஓட்டிப் பாருங்கள். அந்தச் சொல் எந்த கமிட்டில் நுழைந்தது, எதில் போனது என்று காட்டும். இரண்டு டேக்குகளுக்கு நடுவே மட்டும் தேடினால் வேகமாக முடியும்.

ஃபஸ் பற்றி ஒன்று. டிபிகேஜி-சோர்ஸ் மறுப்பது நல்லதுக்குத்தான். ஃபஸ் என்றால் சுற்றியுள்ள வரிகள் முழுதாகப் பொருந்தாவிட்டாலும் ஏறக்குறைய இங்கேதான் என்று ஊகித்து ஒட்டுவது. ஒரே மாதிரி மூன்று இஃப் தொகுதிகள் அடுத்தடுத்து இருக்கும் சி கோப்பில் இது தவறான தொகுதிக்குள் போய் உட்காரும், கம்பைலும் ஆகும், சர்வரில்தான் வெடிக்கும். அதனால் ஃபஸ் வந்தால் குவில்ட் ரிஃப்ரெஷ் போட்டு அமுக்கிவிடாமல் கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகு ரிஃப்ரெஷ் செய்யுங்கள்.

ஆர்பிஎம்_வாசி

நான் ஃபெடோரா பக்கம். பிரச்சினை அதேதான், கருவிகள்தான் வேறு. எங்களுக்கு ஸ்பெக் கோப்பில் பேட்ச்களை வரிசையாக எழுதி %ஆட்டோசெட்டப் கொடுத்தால் ஏற்றிக்கொள்ளும், நாங்களும் அப்ஸ்ட்ரீம் ரெப்போவில் ஒரு பிராஞ்ச் வைத்து ரீபேஸ் செய்து கிட் ஃபார்மட்-பேட்ச்சில் எடுக்கிறோம். மேலே சொன்ன வழியை அப்படியே வழிமொழிகிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ரீபேஸ் தொடங்கும் முன் பட்டியலைப் பார்த்து, எவையெல்லாம் பேட்ச்சாக இருக்கவே தேவையில்லை என்று கழித்துவிடுங்கள். கான்ஃபிகர் கோப்பின்மேல் ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரு பேட்ச் இருக்கலாம். அது கான்ஃபிகர்.ஏசி-யிலிருந்து உருவாகும் கோப்பு, டெப்ஹெல்ப்பரின் 10-ஆம் காம்பேட் நிலையிலிருந்து டெபியனிலும் பில்ட்டின்போது அது மறுபடி உருவாக்கப்படுகிறது, எனவே கான்ஃபிகர்.ஏசி-யில் இரண்டு வரி மாற்றினால் போதும். நிறுவும் பாதையை மாற்றுகிற பேட்ச் என்றால் பெரும்பாலும் ரூல்ஸ் கோப்பில் ஒரு கான்ஃபிகர் விருப்பமாக முடிந்துவிடும். இயல்புநிலை கான்ஃபிக் கோப்பை மாற்றுகிற பேட்ச்சுக்குப் பதிலாக, டெபியன் கோப்புறையிலேயே உங்கள் கான்ஃபிக்கை வைத்து நிறுவலாம். இப்படிக் கழித்தாலே சுமை நன்றாகக் குறையும்.

மூலநிரல்_மணி

இருவரும் சொன்னது சரி. ஆனால் என்னைக் கேட்டால் உங்கள் உண்மையான பிரச்சினை ஹங்க் ஃபெயில் ஆனது இல்லை, ஃபிக்ஸ்2.பேட்ச் ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததுதான். கமிட்டாக மாற்றிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலேயே ஒவ்வொன்றுக்கும் டெப்-3 தலைப்பு (பேட்ச் விவரங்களுக்கான டெபியன் வடிவம்) எழுதிவிடுங்கள். டிஸ்கிரிப்ஷனில் என்ன உடைந்தது, இது எப்படிச் சரிசெய்கிறது. ஆரிஜினில் எங்கிருந்து வந்தது, அப்ஸ்ட்ரீம் கமிட் என்றால் அதன் முகவரி. ஃபார்வர்டடில் அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பிய இணைப்பு, அனுப்பாவிட்டால் நோ, உங்கள் அலுவலகத்துக்கு மட்டுமே பொருந்துவது என்றால் நாட்-நீடட். லாஸ்ட்-அப்டேட்டில் தேதி. பேட்ச்-க்யூ பிராஞ்ச்சில் கமிட் செய்தியாகவே எழுதினால் எக்ஸ்போர்ட் செய்யும்போது பேட்ச்சின் தலையில் வந்துவிடும். கமிட் செய்தியில் ஜிபிபி-பிக்யூ: டாபிக் என்று ஒரு வரி போட்டால் அந்தப் பெயரில் துணைக் கோப்புறைக்குள் போகும், டெபியனுடையது, உங்களுடையது என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். எது டெபியனுடையது என்பதை அறிய சோர்சஸ்.டெபியன்.ஆர்க் தளத்தில் அதே பதிப்பின் பேட்ச்சஸ் கோப்புறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விளக்கமில்லாத, அப்ஸ்ட்ரீம் கண்ணில் ஒழுங்காகப் படாத ஒரு சின்ன பேட்ச் என்ன செய்யும் என்பதை டெபியன் உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் பேக்கேஜில் எம்டி_ரேண்ட்.சி கோப்பின் இரண்டு வரிகள் கமென்ட் செய்யப்பட்டன. தொடக்கமதிப்பு தரப்படாத நினைவகத்தை அது படிக்கிறது என்று நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவி எச்சரித்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். அந்த வரிகளில் ஒன்றுதான் ரேண்டம் எண் உருவாக்கத்துக்குள் ஊகிக்க முடியாத தன்மையை, அதாவது உண்மையான என்ட்ரபியைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அது போனபின் மிஞ்சியது பிராசஸ் ஐடி மட்டும். லினக்ஸில் அதன் இயல்பான உச்சம் 32,768. அதாவது ஒரு குறிப்பிட்ட கட்டமைப்பில், ஒரு குறிப்பிட்ட வகையிலும் நீளத்திலும் உருவாகக்கூடிய எஸ்எஸ்ஹெச் சாவிகள் மொத்தமே அவ்வளவுதான், எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். 2008 மே 13 அன்று டிஎஸ்ஏ-1571 என்ற டெபியன் பாதுகாப்பு அறிவிப்பு வரும்வரை டெபியனிலும் உபுண்டுவிலும் அது இருந்தது. உலகம் முழுக்க சாவிகளை மாற்ற வேண்டிவந்தது.

கவனியுங்கள், மாற்றும் முன் அப்ஸ்ட்ரீம் மின்னஞ்சல் பட்டியலில் கேள்வி கேட்கப்பட்டது. ஆனால் இந்த மாற்றம் ஒரு டிஸ்ட்ரிபியூஷனில் எல்லோருக்கும் போகப்போகிறது என்பது அந்த உரையாடலில் தெளிவாக இல்லை, மாற்றம் முழுதாகப் பேட்ச் வடிவில் ஏற்பதற்காக அவர்களிடம் போகவும் இல்லை. அன்றைக்கு வழக்கத்திலிருந்த 1.0 சோர்ஸ் ஃபார்மட்டிலோ டெபியன் செய்த எல்லா மாற்றங்களும் ஒரே டிஃப்.ஜிஇசட் கோப்புக்குள் போகும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எது எதற்காக என்று பிரித்தறிவது கஷ்டம். 3.0 குவில்ட் வந்ததன் பெரிய பயனே ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாக, காரணத்தோடு, யாரும் படிக்கும்படி இருப்பதுதான். ஃபிக்ஸ்2.பேட்ச் என்று பெயர் வைத்தால் அந்தப் பயன் அத்தனையும் வீண்.

காரணம் கண்டுபிடிக்கவே முடியாத பேட்ச் என்றால் அதை எடுத்துவிட்டு டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பாருங்கள். எதுவும் உடையவில்லை என்றால் எடுத்தது எடுத்ததுதான். சேஞ்ச்லாகில் மட்டும் எதை எடுத்தோம் என்று எழுதிவிடுங்கள்.

தாமிரபரணி_டெவ்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பொதிகட்டி சொன்ன வழியில் போனேன், பெரும்பாலானவை அப்படியே ஏறிவிட்டன. சில வெற்று கமிட்டாக உதிர்ந்தன. கான்ஃபிகர் மேல் போட்டிருந்த பெரிய பேட்ச்சும் தேவையில்லாமல் போய்விட்டது. மிச்சமிருப்பவற்றில் மூன்று நான்குதான் உண்மையில் எங்களுடையவை, தலைப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். அப்ஸ்ட்ரீம் வெளியிடும் டார்பாலை எடுப்பதா, அவர்கள் கிட் டேக்கிலிருந்து எடுப்பதா? எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் பின்கதவு வைக்கப்பட்ட விவகாரத்துக்குப் பிறகு டார்பாலே வேண்டாம் என்று எங்கள் செக்யூரிட்டி டீம் சொல்கிறது. அப்புறம் அந்த ஃபோர்க், மெர்ஜ் யோசனை பற்றி யாரும் சொல்லவில்லையே?

பொதிகட்டி

எக்ஸ்இசட் கதையைச் சரியாகப் பார்த்தால் பதில் அவ்வளவு நேரானது இல்லை. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டு டார்பாலில் பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4 என்ற கோப்பு திருத்தப்பட்டிருந்தது, அந்தத் திருத்தம் கிட்டில் இல்லை. பில்ட்டின்போது பின்கதவை இழுத்து உள்ளே கொண்டுவந்தது அதுதான். அந்த வகையில் கிட் டேக்கிலிருந்து பில்ட் செய்திருந்தால் அது இயங்கத் தொடங்கியிருக்காது. ஆனால் பின்கதவின் உடல் இருந்த டெஸ்ட் கோப்புகள் கிட்டிலேயே, எல்லோர் கண்முன்னும், சுருக்கிய பைனரிகளாக இருந்தன. கிட் என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிட்டிலிருந்து எடுப்பதன் பலன், ஒவ்வொரு வரியும் யார் எப்போது சேர்த்தது என்று தேட முடியும் என்பது.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வழி இருக்கிறது. அப்ஸ்ட்ரீம் ரெப்போவை உங்கள் ரெப்போவில் ஒரு ரிமோட்டாகச் சேர்த்துவிட்டு, இம்போர்ட்-ஆரிஜ் செய்யும்போது -‍-அப்ஸ்ட்ரீம்-விசிஎஸ்-டேக் விருப்பத்தைக் கொடுங்கள். டார்பாலின் உள்ளடக்கம் ஒரு கமிட்டாக வரும், அப்ஸ்ட்ரீமின் டேக் அதன் பெற்றோர்களில் ஒன்றாக இணைந்திருக்கும். இனி அந்த கமிட்டையும் டேக்கையும் கிட் டிஃப் போட்டால், டார்பாலில் மட்டும் இருந்து கிட்டில் இல்லாத கோப்புகள் எல்லாம் பட்டியலாக வந்து நிற்கும். கான்ஃபிகர், மேக்ஃபைல்.இன் போன்றவை எதிர்பார்த்தவை. அவற்றைத் தாண்டி .எம்4 கோப்பு ஏதாவது மாறியிருந்தால் உட்கார்ந்து படியுங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு பதிப்புக்கும் தானாகச் சோதிக்கும் சிஐ-யில் ஓடவிடலாம், உங்கள் செக்யூரிட்டி டீமுக்கும் காட்டலாம். கிட் ப்ளேமும் ஒழுங்காக வேலை செய்யும் என்பது கூடுதல் லாபம். அப்ஸ்ட்ரீம் டார்பாலில் கையெழுத்திடுகிறார் என்றால் அவர் சாவியை டெபியன்/அப்ஸ்ட்ரீம்/சைனிங்-கீ.ஏஎஸ்சி கோப்பில் வைத்து, வாட்ச் கோப்பில் கையெழுத்துக் கோப்பு எங்கே என்றும் சொல்லிவிடுங்கள், யூஸ்கேன் இறக்கும்போதே சரிபார்த்துவிடும். எக்ஸ்இசட்டில் கையெழுத்திட்டவரே பின்கதவை வைத்த ஆள் என்பதால் அது அங்கே உதவியிருக்காது, நடுவில் யாராவது மாற்றுவதை மட்டும்தான் இது தடுக்கும்.

கிட் ஹோஸ்டிங் தளம் தானாக உருவாக்கித் தரும் டார்பாலை எடுப்பதானால் ஒரு எச்சரிக்கை. அதன் பைட்டுகள் என்றைக்கும் மாறாது என்று நம்பாதீர்கள். 2023 ஜனவரி கடைசியில் கிட்ஹப் தன் கிட்டைப் புதுப்பித்தபோது சுருக்கும் முறை மாறி, அதே டேக்கின் டார்பாலுக்கு வேறு செக்சம் வந்தது, பல பில்ட்கள் நின்றுபோய் அந்த மாற்றத்தைப் பின்வாங்கினார்கள். ஒருமுறை இறக்கிய ஆரிஜ் கோப்பையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். பிரிஸ்டைன்-டார் பிராஞ்ச் இருப்பது இதற்குத்தான், ஒரு சின்ன டெல்டாவை மட்டும் வைத்துக்கொண்டு அதே டார்பாலை பைட் மாறாமல் திரும்ப உருவாக்கிக் கொடுக்கும்.

மூலநிரல்_மணி

ஃபோர்க் செய்து மெர்ஜ் செய்யும் யோசனைக்கு நான் எதிர். முதல் வருடம் சுகமாக இருக்கும். நாலைந்து மெர்ஜுக்குப் பிறகு உங்கள் மாற்றங்கள் மெர்ஜ் கமிட்டுகளுக்குள் கரைந்துபோகும். அப்ஸ்ட்ரீமிலிருந்து நாம் எந்தெந்த விஷயத்தில் விலகியிருக்கிறோம் என்று யாராவது கேட்டால் ஒரு பெரிய டிஃப்பைத்தான் காட்ட முடியும். அதிலிருந்து ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்ப நினைத்தால் புதிதாக உட்கார்ந்து பிரித்தெடுக்க வேண்டும், அந்த வேலையை யாரும் செய்வதில்லை, மாற்றம் உங்களிடமே தங்கி வருடாவருடம் பாரமாகிறது. குவில்ட் கோப்புகளைக் கையால் தொடுவது பிடிக்கவில்லை என்றால் தொட வேண்டாம், பிக்யூ இருக்கிறது, கிட்-டெப்ரீபேஸ் இருக்கிறது. இரண்டுமே கிட்டில் கமிட்டாக வேலை செய்யவிட்டு, உங்கள் மாற்றங்களை அப்ஸ்ட்ரீமுக்கு மேலே தனித்தனியாக, வரிசையாக வைத்திருக்கின்றன.

வரிசை குறைந்துகொண்டே வர வேண்டும் என்பதுதான் முக்கியம். அதே எக்ஸ்இசட் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று: அந்தப் பின்கதவு ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் நிரலான எஸ்எஸ்ஹெச்டி-க்குள் போனதே டிஸ்ட்ரிபியூஷன்கள் போட்ட ஒரு பேட்ச் வழியாக. ஓபன்எஸ்எஸ்ஹெச் நேரடியாக எக்ஸ்இசட்டின் லைப்ரரியான லிப்எல்இசட்எம்ஏ-வைப் பயன்படுத்துவதில்லை. நான் தயார் என்று சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி-க்குச் சொல்வதற்காக டெபியன், ஃபெடோரா போன்றவை லிப்சிஸ்டம்டி-யை அதில் சேர்த்துக் கட்டின, லிப்சிஸ்டம்டி வழியாக லிப்எல்இசட்எம்ஏ உள்ளே வந்தது. 2024 ஜூலையில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8-இல் அந்த அறிவிப்பு வசதியை எந்த லைப்ரரியும் இல்லாமல் அப்ஸ்ட்ரீமே எழுதிச் சேர்த்துவிட்டது. செய்ய வேண்டியது ஒரு சாக்கெட்டில் சின்ன செய்தி அனுப்புவது மட்டும்தானே. இத்தனை வருடம் எல்லோரும் அவரவர் பேட்ச்சைச் சுமந்துகொண்டிருந்தார்கள். உங்களிடம் மிஞ்சிய மூன்று நான்கில் பொதுவாகப் பயன்படக்கூடியது எது என்று பார்த்து இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், மறுத்தாலும் ஏன் மறுத்தார்கள் என்ற காரணம் கிடைக்கும், அந்த இணைப்பை ஃபார்வர்டட் வரியில் போடுங்கள். டெபியனின் பேட்ச் என்றால் டெபியன் பக் டிராக்கருக்கும் எழுதலாம், அங்கே பராமரிப்பவர்களுக்கும் கைகொடுத்த மாதிரி ஆகும்.

ஆர்பிஎம்_வாசி

தொகுப்பு கமிட் மாதிரி ஒரே பேட்ச்சில் மூன்று விஷயத்தைக் கலந்து அனுப்பாதீர்கள். அப்ஸ்ட்ரீம் இரண்டை ஏற்று ஒன்றை மறுத்தால் மறுபடி பிரிக்க வேண்டிவரும். வெள்ளிடைத் திருத்தங்களும் வேண்டாம். பேட்ச் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நாள் மோதாமல் ஏறும்.

தாமிரபரணி_டெவ்

மெர்ஜ் யோசனையை டீமில் பேசி விட்டுவிட்டோம், பிக்யூதான். -‍-அப்ஸ்ட்ரீம்-விசிஎஸ்-டேக் அருமை, டார்பாலில் மட்டும் இருந்தவை எல்லாம் ஆட்டோடூல்ஸ் உருவாக்கிய கோப்புகள்தான், .எம்4 எதுவும் மாறவில்லை. கடைசியாக ஒன்று: பதிப்பு எண் எப்படி வைப்பது? டெபியன் இதே அப்ஸ்ட்ரீமைப் பிறகு வெளியிட்டால் எங்களுடையதை அது மிதித்துவிடக் கூடாது, ஆனால் அவர்கள் புதிதாக ஒன்று போட்டால் எங்களுக்குத் தெரியவும் வேண்டும்.

பொதிகட்டி

டெபியனின் 2.4.1-1-இன் மேல் உங்கள் மாற்றம் என்றால் 2.4.1-1+உங்கள்பெயர்1 என்று வையுங்கள். டிசிஹெச் -‍-லோக்கல் +உங்கள்பெயர் கொடுத்தால் அதுவே போட்டுக்கொள்ளும். அது 2.4.1-1-ஐ விடப் பெரியது, 2.4.1-2-ஐ விடச் சிறியது, ஆக டெபியன் அடுத்த திருத்தம் போட்டதும் ஏபிடி அதைப் புதியதாகக் காட்டும். டெபியனில் இன்னும் வராத அப்ஸ்ட்ரீம் பதிப்பு என்றால் 2.5.0-0+உங்கள்பெயர்1, அவர்கள் 2.5.0-1 போட்டதும் அதுவே மேலே நிற்கும். பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் வந்தால் +ரியலி முறை இருக்கிறது, எக்ஸ்இசட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுபோனபோது டெபியன் 5.6.1+ரியலி5.4.5-1 என்றுதான் வைத்தது.

உங்கள் பேக்கேஜை டெபியனுடையது அப்டேட்டில் மிதிக்காமல் இருக்க எண்ணை நம்பாமல், ஏபிடி பிரிஃபரன்சஸ் கோப்பில் உங்கள் ரெப்போவுக்கு முன்னுரிமை (Pin) கொடுத்துவிடுங்கள். புதிது வந்ததா என்று பார்ப்பதை பில்ட் சர்வரில் தினமும் யூஸ்கேன் ஓட்டியும், டெபியனின் டிராக்கரில் அந்தப் பேக்கேஜுக்கு மின்னஞ்சல் சந்தா போட்டும் வைத்துக்கொண்டால் அப்ஸ்ட்ரீம், டெபியன் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும்.